மூலை மெஷின்

ஊசி கழன்றது என் வாயால்தான்.

கையை ஆட்டாமல் எனக்குக் கதை சொல்ல வராது. மடவளை பஸ்ஸில் என் மடியில் ஏறி உட்கார்ந்த ஆட்டுக்குட்டியைப் பற்றி, இடுப்பளவுச் சுவருக்கு அப்பால் படுத்திருந்த அடுத்த நோயாளி ராஜலிங்கத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். குட்டி துள்ளிய இடத்தில் என் கையும் துள்ளியது.

மெஷினில் சுத்தமாகி உடம்புக்குத் திரும்பவேண்டிய இரத்தம் பீய்ச்சி அடித்தது. முகக் கவசத்தைத் துடைக்கக் கழற்றியிருந்த தாதி மிஸ் ஜஹானாவின் கண்ணில்.

என் இரத்தத்தில் ஹெபடைடிஸ் சி கிருமி இருக்கிறது. அதற்குத் தடுப்பூசி கிடையாது. அதனால்தான் கண்டியில் இந்த டயலிசிஸ் பிரிவில் எனக்கென்று ஒரு மூலை, ஒரு மெஷின், ஒரு தாதி. மந்திரிமாருக்குக்கூட இந்த மரியாதை இல்லை என்று ஊரெல்லாம் அளந்து வைத்திருக்கிறேன்.

என் மூலைக்கு வரும் தாதி அன்றைக்கு வேறு நோயாளியைத் தொடக்கூடாது. அந்த வேலையை ஜஹானா தானாகக் கேட்டு வாங்கினாள். அவள் வந்த பிறகு அந்தச் சுவரைத் தாண்டி யாருக்கும் எதுவும் தொற்றியதில்லை.

அன்றைக்கும் அவள் முதலில் கண்ணைக் கழுவ ஓடவில்லை. மெஷினை நிறுத்தினாள். என் கையில் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டு நின்றாள். இன்னொரு தாதி கையுறை மாட்டி வந்து பஞ்சை வாங்கி அழுத்திய பிறகுதான் குழாயடிக்குப் போனாள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, நேராக நடந்து.

"அந்தப் புள்ளையப் பெத்தவங்க குடுத்து வச்சவங்க, ஹாஷிம் நானா," என்றார் ராஜலிங்கம்.

"ஆரோ, எவரோ," என்றேன்.

என் வாழ்க்கையில் அதைவிடச் சின்னக் கதை நான் சொன்னதில்லை.

பிறகு இரத்தப் பரிசோதனைகள் தொடங்கின. எனக்கல்ல, அவளுக்கு. மாதக்கணக்கில் திரும்பத் திரும்பப் பார்த்தால்தான் நிச்சயமாம்.

ஊசிக் கையைக் கதிரையோடு துணியால் கட்டச் சொல்லிவிட்டேன். இப்போது ஒற்றைக் கையால்தான் கதை. ஆட்டுக்குட்டி பாதி வழியிலேயே இறங்கிவிடுகிறது.

வரும்போதெல்லாம் கேட்டேன். "ரிசல்ட் என்ன, மிஸ்?"

"உங்கட பிரஷர் கூடியிருக்கு. பேசாம இரிங்க."

வெளியில் வைத்தும் கேட்டுப் பார்த்தேன். வார்ட் கதை வார்டோடு என்பது அவள் சட்டம். வார்டுக்குள் நான் அவளை மிஸ் என்றுதான் கூப்பிட வேண்டும் என்பதும் அவள் சட்டம்தான்.

நேற்று கவசம் மாட்டி, புதுக் கையுறை போட்டு, ஊசியைக் குத்திப் பிளாஸ்டர் ஒட்டினாள். துணிக் கட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தாள்.

வழக்கமாக நான் ரிசல்ட் கேட்கும் இடம் அதுதான். நேற்றுத்தான் முதல் தடவையாக, கேட்கப் பயமாக இருந்தது.

அவள் நிமிர்ந்தாள். சுவருக்கு அப்பால் ராஜலிங்கத்துக்கும் கேட்கும்படி, தன் சட்டத்தைத் தானே உடைத்தாள்.

"கடைசி டெஸ்ட்டும் வந்திட்டு. எனக்கு ஒண்டும் தொத்தல்ல, வாப்பா. இனியாவது நீங்களும் உம்மாவும் நித்திர கொள்ளுங்க."