இருநூற்றறுபதுக்காக ஒரு கூட்டம்

கியர்பெட்டிக்குள் நடக்கும் கூட்டங்களுக்கு இரண்டாம் கியரை எவரும் அழைப்பதில்லை. கூட்டம் நடக்கும் நேரத்திலும் அவள் வேலையில் இருப்பாள் என்பதே காரணம்.

சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றின் பழைய என்ஜினைக் கழற்றிவிட்டு, இரண்டு மடங்கு பலமுள்ள புதியவரைப் பொருத்தியிருந்தார்கள். எந்தக் கியருக்கு எத்தனை பல் வெட்டுவது என்று முடிவுசெய்ய அவர் கூட்டம் போட்டார். மூன்று மணி நேரமும் ஐந்தாம் கியரைப் பற்றியே பேச்சு நடந்தது.

“தம்பி, உன்னை வெச்சு மணிக்கு இருநூத்தறுபதைத் தொடுறோம்!” என்றார் என்ஜின்.

“தொட்டுடலாம்ணே!” என்றான் ஐந்தாமவன்.

அந்த வேகத்தில் ஓட ஊரில் சாலை உண்டா என்பது நிகழ்ச்சிநிரலில் இல்லை.

அழைக்காமலே வந்த இரண்டாமவள் குறுக்கிட்டாள்: “அண்ணே, இங்க நூறடிக்கு ஒரு வேகத்தடை. நாள் முழுக்க இழுக்கப்போறது நான்தான். உங்க பலத்தை என் பல்லு தாங்காது. எண்ணிக்கையைக் குறைச்சு, தடிமனா வெட்டச் சொல்லுங்க.”

“நீ கெட்டிக்காரிம்மா, எப்படியும் சமாளிச்சுக்குவே” என்றார் என்ஜின். எல்லோரும் கைதட்டினார்கள்.

எட்டு மாதத்தில் அவளுடைய பற்கள் நொறுங்கின. ஒர்க்‌ஷாப்பில் பெட்டியைத் திறந்தார்கள். அதுவரை ஒரு நாள்கூட வேலை வராத ஐந்தாமவன் மீது ஒரு கீறலும் இல்லை.

“பையன் உடம்பை எப்படி வெச்சிருக்கான் பாருங்க!” என்று என்ஜின் நெகிழ்ந்துபோனார்.

இரண்டாமவள் இப்போது அந்த ஒர்க்‌ஷாப்பின் கதவு காற்றில் சாத்திக்கொள்ளாதபடி முட்டுக்கொடுத்துக்கொண்டிருக்கிறாள்.