கழுவ எடுத்த குடுவை

காகித ஆலையில் மரத்துக்கேற்ற கூழ் வரவில்லை. அளவுக்கு மீறி வேகவைத்துக் கரைத்துவிட்டான் என்று கூழ் வேகவைக்கும் அங்கயற்கண்ணியின் புருஷன் மேல் பழி; வேலை போகிற நிலை. ஆலையின் சோதனைக்கூடத்தில் வேலை பார்ப்பவள் சும்மா விடுவாளா? கூழை அடர் அமிலத்தில் கரைத்தாள். அதில் மிஞ்சியிருக்கும் மரச்சர்க்கரையின் அளவே, கூழ் எவ்வளவு வெந்தது என்று சொல்லிவிடுமாம்.

மரம் அனுப்பும் காண்ட்ராக்டர் மாசிலாமணி வந்து நின்றார்.

"இப்பத் தெரிஞ்சிடும்ண்ணே, என் வீட்டுக்காரர் கரைச்சாரா, கணக்குல எழுதின மரத்தை உங்க லாரி கொண்டே வரலையான்னு."

அவள் கன்னத்தில் அறை விழுந்தது. "சர்க்கரையா பாக்குற? கழுவி ஊத்துறேன் பாரு!" என்று குடுவையைப் பிடுங்கிக் குழாயடியில் நீட்டினார். பாத்திரம் கழுவிப் பழகாத மகராசன். தண்ணீர் பட்டதும் அமிலம் கொதித்துச் சீறி அவர் முகத்தைத் தின்றது.

"தண்ணி பிடிக்காதீங்கண்ணே!" என்று அவள் கத்தியது ஜன்னலோரம் நின்ற எங்கள் எல்லோருக்கும் கேட்டது. அவர் அலறலுக்கு முன்பா, பின்பா என்பதில்தான் ஆலைக் குடியிருப்பே இரண்டுபட்டுக் கிடக்கிறது.