மேலேயும் கீழேயும் கறுப்பு

"அப்பா, இதுல வீடியோ பார்த்தா மேலேயும் கீழேயும் கறுப்புப் பட்டை விழும்!"

தீப்தி எத்தனை முறை சொல்லியும், வெங்கடநாராயணன் கையிலிருந்த டேப்லெட்டைக் கீழே வைப்பதாக இல்லை.

கொல்கத்தா கரியாஹாட் கடையில் சனிக்கிழமைக் கூட்டம். ஆனாலும் விற்பனையாளர் இரண்டு டேப்லெட்டுகளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பொறுமையாக விளக்கினார்.

"காகு, இந்த ஸ்க்ரீன் நாலுக்கு மூணு அளவு. புத்தகப் பக்கம் மாதிரி இருக்கும். படிக்கிறவங்களுக்கு நல்லது. அது அகலம் அதிகம். வீடியோன்னா ஸ்க்ரீன் முழுக்க நிறையும். நீங்க படிப்பீங்களா, வீடியோ பார்ப்பீங்களா?"

"வீடியோதான்."

"அப்போ அகலமானது."

"இல்லப்பா. இதான்."

தீப்திக்குப் பொறுக்கவில்லை. "தலைப்பை மட்டும் பார்த்துட்டு பேப்பரை மடிச்சு வெச்சிடறவர் நீங்க. உங்களுக்கு எதுக்குப் புத்தகம் மாதிரி?"

அவர் விற்பனையாளரிடம் ஒரு வீடியோ போட்டுக் காட்டச் சொன்னார். படத்துக்கு மேலே கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு கறுப்புப் பட்டை. கீழேயும் ஒன்று. மேல் பட்டையின் மீது விரலை வைத்து அளந்து பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"சரியா இருக்கு. பில் போடுப்பா."

"ரயில்வே ஆபீஸ்லயும் இப்படித்தான் இருந்திருப்பீங்க. யார் சொன்னாலும் கேக்கறதில்ல" என்று முணுமுணுத்தாள் தீப்தி.

அவளுக்குக் கோபம் டேப்லெட் மேல் மட்டும் இல்லை. அம்மா சுந்தரவல்லி படுக்கையில் விழுந்து ஒரு வருஷம் ஆகப் போகிறது. வாரத்துக்கு இரண்டு நாள் டயாலிசிஸ். நீண்ட பயணம் கூடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

வருஷம் தவறாமல் ஹவுராவில் சென்னை மெயில் ஏறி, ஜன்னலோரம் இடம் பிடித்து, தங்கை வீட்டுக்குப் போய் வந்தவள் அம்மா. இப்போது லேக் மார்க்கெட் வீட்டில் அவள் அறை ஜன்னலைத் திறந்தால் தெரிவது எதிர் வீட்டுச் சுவர்.

"ஒரே ஒரு தடவை ரயில்ல போயிட்டு வந்துட்டாப் போதும் தீப்தி" என்று போனில் அம்மா சொல்லும்போதெல்லாம், ஊரின் மறுகோடியில், நியூ டவுனில், பத்தாவது மாடி வீட்டிலிருந்து மகள் "போகலாம்மா" என்று பொய் சொல்வாள்.

இந்த நேரத்தில் அப்பாவுக்கு ஒரு பொம்மை!

அடுத்த வாரம், அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் ஷிப்ரா போன் செய்தாள்.

"தீதி, நீங்களாவது உங்கப்பாகிட்டச் சொல்லுங்க. எப்பப் பார்த்தாலும் அந்த டேப்லெட்டுல ரயில் வீடியோ. யாரோ ஜன்னல் வழியா எடுத்துப் போட்டதாம். நாள் பூரா கடகடன்னு சத்தம். அதுவும் படுத்துக் கிடக்கற மாஷிமா ரூம்லயே."

தீப்திக்குச் சுருக்கென்றது. ரயிலுக்கு ஏங்கிக் கிடப்பவள் கண் முன்னாலா? பசித்தவள் எதிரே இலை போட்டுச் சாப்பிடுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

அன்று சாயங்காலமே கிளம்பினாள். வண்டியில் வரும்போதே பேச வேண்டியதை எல்லாம் மனதுக்குள் அடுக்கிக்கொண்டாள்.

கதவைத் திறந்ததுமே கடகட சத்தம்.

"அப்பா, உங்களுக்குக் கொஞ்சமாவது..." என்று ஆரம்பித்தபடி அறைக்குள் நுழைந்தவள் நின்றுவிட்டாள்.

கட்டில் சுவரோரம் நகர்ந்திருந்தது. தலையணையை ஒட்டிச் சுவரில் சின்னதாக ஒரு பலகை. அதன் மேல், அம்மாவின் கண்ணுக்கு நேராக, டேப்லெட். அதில் வயலும் பனைமரமும் பின்னோக்கி ஓடிக்கொண்டிருந்தன. அப்பா கால்மாட்டில், எதிர் சீட்டுக்காரர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"வாடி, நல்ல நேரத்துக்குத்தான் வந்தே. கோதாவரி வரப்போகுது. பையில சில்லறை இருக்கா?" என்றாள் அம்மா.

பாலம் தடதடக்க ஆரம்பித்தது. அடுக்கி வைத்திருந்த பேச்செல்லாம் போன இடம் தெரியவில்லை. தீப்தி அவசரமாகப் பையைத் துழாவி, ஒரு காசை எடுத்து அம்மாவின் உள்ளங்கையில் வைத்தாள். அம்மா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஆற்றைப் பார்த்து வீசினாள். காசு கண்ணாடியில் 'டிங்' என்று பட்டுப் போர்வையில் விழுந்தது.

"கிழிஞ்சுது போ! காலையில மகாநதி, இப்போ கோதாவரி. கிருஷ்ணா நதி வர்றதுக்குள்ள ஸ்க்ரீன் தூளாயிடும்" என்றார் அப்பா.

"டிக்கெட் எடுக்காமக் கூட்டிட்டுப் போறாருடி உங்கப்பா. இந்தப் பேச்சாவது பேசிட்டுப் போகட்டும்."

அம்மா சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை மாதம் ஆகிவிட்டது!

தீப்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆனாலும் மனசு கேட்கவில்லை.

"அந்த அகலமானதையே வாங்கியிருக்கலாமேப்பா. ஸ்க்ரீன் முழுக்க ஆறா இருந்திருக்கும். இப்படிப் பட்டை அடிச்ச மாதிரி..."

வெங்கடநாராயணன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு எழுந்து, "காப்பீ... காப்பீ..." என்று ரயிலில் விற்கிறவர் குரலில் கூவிக்கொண்டே சமையலறைக்குப் போய்விட்டார். டாக்டர் சொன்ன அளவில், அரை டம்ளர் கலந்து எடுத்துவர.

அம்மா மெல்லக் கையை உயர்த்தி, மேலே இருந்த கறுப்புப் பட்டையைத் தடவினாள்.

"எனக்கு வெயில் கண்ணுல அடிச்சா ஆகாதுன்னு, எந்த ரயில்ல ஏறினாலும் உங்கப்பா ஜன்னல் ஷட்டரைக் கொஞ்சம் இறக்கி விடுவாரே, மறந்துட்டியா?"