ஏழுக்கு முட்டை

"அந்த நர்ஸ் இனிமே என் பொண்ணு பக்கத்துல வரக்கூடாது மேடம். எழுத்துலயே குடுத்திருக்கேன்."

கணக்கு வாத்தியார் நீட்டிய தாளைத் தலைமை நர்ஸ் வாங்கிப் பார்த்தார். ஓரத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு, ஒன்று இரண்டு மூன்று என்று நம்பர். பரீட்சைத் தாளே தோற்றுவிடும்.

வாத்தியாரின் மகள் பிறந்து ஆறு நாள்தான். ஏழு வாரம் முன்னாலேயே அவசரப்பட்டு வந்துவிட்டதால் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தாள். தினம் இரண்டு வேளை அவள் குதிகாலில் ஊசியால் குத்தி, பரிசோதனைக்கு ரத்தம் எடுப்பார்கள். ஆபரேஷன் ஆன மனைவி மேல் மாடியில் படுத்தபடியே, குழந்தை எப்படி இருக்கிறாள் என்று மணிக்கொரு தரம் கேட்டுக்கொண்டிருந்தாள். சொல்ல வாத்தியாரிடம் ஒரே ஒரு தகவல்தான் இருந்தது. மார்க்.

உள்ளே விடும் நேரத்தில், பெட்டியில் தொங்கிய அட்டையில் அதை அவரே கண்டுபிடித்தார். முகம், அழுகை, மூச்சு, கை, கால், விழிப்பு என்று கட்டங்கள். ஒன்றுக்கு மட்டும் இரண்டு, மற்றதற்கு ஒவ்வொன்று; மொத்தம் ஏழு மார்க்.

"காலையில வர்ற சிஸ்டர் கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள வேலையை முடிச்சுடறாங்க. குழந்தையும் கையைக் காலை உதைச்சு, வாயைத் திறந்து, அப்படி ஒரு சுறுசுறுப்பு. வெளியில நின்னு நானே கை தட்டினேன். ஏழுக்கு ஆறு போட்டிருக்காங்க."

"சரி, மத்தியானம்?"

"அவ எதுக்கெடுத்தாலும் 'ரெண்டு நிமிஷம்'பா. நாக்குல என்னமோ ரெண்டு சொட்டு விட்டுட்டு, குழந்தையை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு சும்மா நிப்பா. குழந்தை ஆடாம அசையாம கிடக்கும். முந்தாநாள் ஒரு மார்க். நேத்து முட்டை. என் சம்சாரம் ராத்திரி பூரா அழுதா மேடம்."

தலைமை நர்ஸ் தாளைத் திருப்பிப் பார்த்தார். இதில் பழைய கதை ஏதாவது உண்டா என்று கேட்டார்.

வாத்தியார் கொஞ்சம் தயங்கினார்.

"ஒன்பதாங் கிளாஸ்ல அவ என் ஸ்டூடன்ட். கேள்வியை முழுசாப் படிக்காம பதில் எழுதினா. முட்டை போட்டேன், கிளாஸ்ல எழுந்து நிக்க வெச்சு மார்க்கையும் வாசிச்சேன். அதை மனசுல வெச்சுக்கிட்டு இப்ப என் பொண்ணுக்குத் திருப்பிப் போடறா."

பெற்றவர்கள் கேட்டால் நர்ஸை மாற்றிவிடுவதுதான் இங்கே வழக்கம் என்றார் தலைமை நர்ஸ். கையெழுத்துப் போடப் பேனாவையும் எடுத்தார். பிறகு என்ன தோன்றியதோ, அதை மூடி வைத்துவிட்டு, "அதுக்கு முன்னால ஒரு நிமிஷம் வாங்க சார்" என்று எழுந்தார்.

கை கழுவி, அங்கி மாட்டிக்கொண்டு இருவரும் உள்ளே போனார்கள். பெட்டியருகே நின்ற நர்ஸ், வாத்தியாரைப் பார்த்ததும் பழைய பழக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டாள்.

தலைமை நர்ஸ் அட்டையைக் கழற்றி, தாளைப் பிடித்திருந்த பெரிய கிளிப்பை விலக்கினார். அதற்கு அடியில் ஒரு தலைப்பு ஒளிந்துகொண்டிருந்தது.

"இதைப் படிச்சீங்களா சார்?"

எதையும் தொடக்கூடாது என்று சொல்லியிருந்தார்களே, அவர் எங்கே கிளிப்பைத் தொட்டார்? மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு இப்போதுதான் படித்தார்.

'குழந்தையின் வலி அளவு. பூஜ்யம்: வலி இல்லை. ஏழு: கடும் வலி.'

வாத்தியார் இன்னொரு தரம் படித்தார். கண்ணாடிக்கு வெளியே சத்தம் கேட்பதில்லை. உதைத்தது, வாயைத் திறந்தது எல்லாம் ஒரேயடியாக நினைவுக்கு வந்தது.

"அப்ப அது... அழுதுச்சா? நான் கை தட்டினேனே." அவருக்குக் கண் கலங்கியது.

"பரவாயில்லை சார், வெளியிலேருந்து பார்த்தா யாருக்கும் தெரியாது" என்றாள் நர்ஸ். "நாக்குல விடறது உங்க வீட்டம்மா மேலேருந்து எடுத்து அனுப்பற பால்தான். அந்த ருசியும், இப்படி அணைச்சுப் பிடிக்கிற சூடும் வேலை செய்ய ரெண்டு நிமிஷம் ஆகும். அப்புறம் குத்தினா அவ்வளவா தெரியாது."

அந்த இரண்டு நிமிஷம் இன்று முதல் காலை சிஸ்டருக்கும் கட்டாயம் என்றார் தலைமை நர்ஸ். மார்க் போடுவதே யார் எப்படிக் குத்துகிறார்கள் என்று பார்க்கத்தானாம்.

மத்தியான ரத்தம் எடுக்கும் நேரம் ஆகியிருந்தது. இரண்டு சொட்டு பால் போயிற்று. நர்ஸ் ஒரு கையால் குழந்தையின் தலையையும் இன்னொரு கையால் மடக்கிய கால்களையும் பொத்திக்கொண்டாள். வாத்தியார் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். இரண்டு நிமிஷம் முடிந்தது. மெல்ல ஒரு குத்து.

மகள் நாக்கைச் சப்புக் கொட்டிவிட்டுத் தூக்கத்தைத் தொடர்ந்தாள்.

"அட்டையில நான்தான் எழுதணும். நீங்க இதுல போட்டுப் பாருங்க சார்" என்று நர்ஸ், தலைமை நர்ஸ் கையிலிருந்த தாளை வாங்கி நீட்டினாள். அவருடைய புகாரின் பின்பக்கம்.

வாத்தியார் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார். முகம், அழுகை, மூச்சு, கை, கால், விழிப்பு. ஒவ்வொன்றாகப் பார்த்து, கூட்டி, கீழே பெரிதாக ஒரு முட்டை போட்டார். இருபது வருஷ சர்வீஸில் இத்தனை ஆசையாக அவர் முட்டை போட்டதே இல்லை. மாடியில் மனைவியிடம் காட்ட வேண்டும் என்று தாளைப் பத்திரமாக மடித்தார்.

"உனக்கு என் மேல கோபமே இல்லையாம்மா?"

"நீங்க எனக்குப் போட்ட முட்டை ஒரு வாரம் வலிச்சுது சார்" என்று நர்ஸ் சிரித்தாள். "அதான், வலிக்காதவங்களுக்கு மட்டும்தான் நான் முட்டை போடறது."