நடுவும் வேகோணும்

உலைக்கதவின் ஓரத்துச் செங்கல்லில் கருகிக்கொண்டிருந்த மரவள்ளிக் கிழங்கை இடுக்கியால் தூக்கிக்கொண்டு, தேவிப்ரியா நேராக முதலாளி அறைக்குப் போனாள். பின்னாலேயே, சாப்பிடும்போது தட்டைப் பறிகொடுத்தவர் போல உலையைக் கவனிக்கும் வீரன் ஓடி வந்தார்.

“சார், தண்டு ஏன் உள்ளே விரியுதுன்னு மூணு வாரமா கேட்டீங்களே, இதுதான் காரணம்,” என்று கிழங்கை நீட்டினாள்.

முருகானந்தம் கிழங்கை முகர்ந்து பார்த்தார். மல்லசமுத்திரம் சாலையில் இருக்கிற அவருடைய பட்டறையில், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிக்கான இரும்புத் தண்டுகளைச் சிவக்கக் காய்ச்சி உருட்டித் தருகிறார்கள். வெளியே கண்ணாடி மாதிரி இருக்கும் தண்டை ஸ்கேன் மெசினில் வைத்தால் நடுவில் விரிசல். இன்னும் ஒன்று அப்படி வந்தால் ஆர்டரே கிடையாது என்று ரிக் கம்பெனி சொல்லிவிட்டது.

“வெளியே செவந்தாப் போதாது சார். சூடு நடு வரைக்கும் இறங்கோணும். அதுக்குள்ள உருவி உருட்டுனா பொளந்துக்கும்,” என்றாள் தேவிப்ரியா. தரம் பார்க்கும் இன்ஜினியர் அவள். “பர்னஸைப் பாக்க வேண்டியவரு கிழங்கைப் பாத்துட்டு இருக்காரு.”

“புரட்டாசிங்க மேடம். கறியும் இல்ல, முட்டையும் இல்ல. கிழங்கும் ஆகாதுன்னா எப்படீங்க?” வீரனின் கண் கிழங்கை விட்டு நகரவில்லை.

“காலைல நின்னு பாத்தேன் சார். குச்சில குத்திப் பாக்கறாரு. நடு இன்னும் வேகலைன்னு திருப்பி வெக்கறாரு. கிழங்கு வெந்து, அதை எடுத்து ஆற வெச்ச பொறவுதான் இரும்பை உருவறாரு. மெசினும் நாலு ஆளும் இவரு கிழங்கு வேகற வரைக்கும் காத்துக் கெடக்கோணுமா?”

வாசலில் கூடியிருந்த நாலு ஆட்களும் சிரித்தார்கள். “காத்துக் கெடந்தாலும் ஒரு துண்டு குடுக்க மாட்டாருங்க மேடம்,” என்றார் அவர்களில் ஒருவரான வேலுசாமி.

வீரன் சிரிக்கவில்லை. பன்னிரண்டு வருடம் அந்த வெக்கையில் நின்று புருவ முடிகூடப் பொசுங்கிப்போன மனிதர். வேறு வேலை எதுவும் அவருக்குத் தெரியாது.

“மேடம் சொல்றது நெசம்னா, நாளையிலிருந்து நீ வர வேண்டாம்ப்பா வீரா,” என்ற முருகானந்தம், ஸ்கேன் ரிப்போர்ட்டை எடுத்தார். “விரிசல் உழுந்ததெல்லாம் என்னிக்கு உருட்டுனது? இருபது... இருபத்தேழு... நாலு...”

சுவரில் தொங்கிய மாதக் காலண்டரைப் புரட்டிப் பார்த்தார். மறுபடி ரிப்போர்ட்டைப் பார்த்தார்.

“எல்லாமே சனிக்கிழமை. மத்த நாள்ல ஒண்ணுகூட இல்லியே! ஏப்பா, சனிக்கிழமை மட்டும் அப்படி எத்தனை கிழங்கு சுடற?”

வீரன் தலையைச் சொறிந்தார்.

“சனிக்கிழமை பெருமாளுக்கு வெரதமுங்க. கிழங்கே போடறதில்லீங்க. இரும்பு செவந்ததும் உருவிக் குடுத்துருவேன். சும்மா நிக்கறதுக்கு அங்க என்ன இருக்குதுங்க?”

தேவிப்ரியா இடுக்கியில் இருந்த கிழங்கைப் பார்த்தாள். தோல் முழுக்கக் கரி. மேசையில் கிடந்த பேனாவை எடுத்துக் குத்தினாள். பாதிக்கு மேல் இறங்கவில்லை.

இடுக்கியோடு கிழங்கை வீரனிடம் நீட்டினாள்.

“போய் இருந்த எடத்துலயே வைங்கண்ணா. நாளைக்குச் சனிக்கிழமையும் ஒண்ணு வைங்க, நான் தின்னுக்கறேன்.”