ஒரு ஓட்டு வித்தியாசம்

"இவதான்! காலையில ஒரு ஓட்டு, சாயங்காலம் ஒரு ஓட்டு. ரெண்டும் ஒரே பேர்ல!"

ஜாபெஸ் ஹார்ன்ப்ளோ நீட்டிய விரல் கடைசி பெஞ்சில் போய் நின்றது. அங்கே மடியில் துணி மூட்டையோடு உட்கார்ந்திருந்தாள் டார்கஸ். ஊருக்கு இருந்த ஒரே தையல்காரி.

அது 1807. அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் நிலம் வைத்திருக்கும் விதவைக்கும் ஓட்டு உண்டு. புருஷன் விட்டுப்போன வயலின் புண்ணியத்தில் டார்கஸுக்கும் இருந்தது. ஆறு தேர்தலாக, இருப்பதில் நல்ல உடுப்பாகப் பார்த்து உடுத்திக்கொண்டு, முதல் ஆளாகப் போய்ப் போட்டுவிட்டு வருவாள். வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் ஊர் அவளுக்கு வழி விடும்.

அதைத்தான் பறிக்கக் கிளம்பியிருந்தார், ஒரே ஓட்டில் ஜெயித்துச் சட்டமன்றம் போகும் ஜாபெஸ். பெண்களின் ஓட்டை ரத்து செய்யச் சொல்லித் தலைநகருக்கு மனு அனுப்பத்தான் இந்தக் கூட்டம்.

"நான் ஒரு தடவைதான் போட்டேன்" என்றாள் டார்கஸ்.

"அப்போ சாயங்காலம் வந்தது உன் ஆவியா?" என்றது ஒரு குரல். கூட்டம் சிரித்தது.

தேர்தலை நடத்திய ஓபெட்தான் கூட்டத்துக்கும் தலைவர். தொண்டையைச் செருமினார்.

"வந்தது விதவைதாங்க. கறுப்பு கவுன், முகத்தை மறைக்கிற குல்லா. பேரு கேட்டேன். மரியாதையா குல்லாவைக் கழட்டிட்டு, டார்கஸ்னு சொன்னாங்க."

"கழட்டினப்போ மூஞ்சி தெரியலையா?" என்றார் கூட்டத்தில் ஒருவர்.

"எங்க பார்த்தேன்? தலை முழுக்க வழுக்கை. பாவம், துக்கத்துல முடியெல்லாம் கொட்டிடுச்சு போலன்னு நான் கண்ணைத் தாழ்த்திக்கிட்டேன்."

டார்கஸ் எழுந்தாள். கொண்டை அவிழாமல் நிமிர்ந்து நின்றது.

"அதிகாரி மேசையைப் பார்த்ததும் கை தானா தொப்பிக்குப் போறது ஆம்பளைங்களுக்குத்தான். எந்தப் பொம்பளை சபையில குல்லாவைக் கழட்டுவா?"

ஜாபெஸ் தன் பொய்முடியை ஒருமுறை அழுத்திவிட்டுக்கொண்டார்.

"சரி, ஆம்பளையே வந்தான்னு வெச்சுக்குங்க! பொம்பளைக்கு ஓட்டு இருக்கறதாலதானே அந்த ஆம்பளை கெட்டுப்போனான்?"

"வாஸ்தவம்!" என்றார்கள் பலர்.

"எல்லாக் காரணத்தையும் எழுதியே கொண்டு வந்திருக்கேன்." ஜாபெஸ் கோட்டுப் பையில் கைவிட்டார். உள்பையில் விட்டார். மறுபடி வெளிப்பையில்.

டார்கஸ் மூட்டையை அவிழ்த்தாள். அகலமான கறுப்பு கவுன் ஒன்று வெளியே வந்தது. தோள்பட்டை இரண்டும் தையல் விட்டுப் பிளந்திருந்தன. அதன் பையிலிருந்து மடித்த காகிதங்களை எடுத்தாள்.

"ஐயா தேடறது இதுவா? தங்கச்சி கவுனுன்னு முந்தாநாள் தைக்கக் குடுத்தீங்களே, அதுல இருந்தது. 'பெண்கள் செய்யும் தேர்தல் மோசடி'ன்னு உங்க கையெழுத்துலயே இருக்கு."

கூரை பிய்ந்துகொள்ளும்படி சிரித்தார்கள். ஓபெட் கண்ணில் வந்த நீரைத் துடைத்துவிட்டு மேசையைத் தட்டினார்.

"சரி, வந்த வேலையைப் பார்ப்போம். பெண்கள் ஓட்டை ரத்து செய்யணும்ங்கற ஆம்பளைங்க கை தூக்குங்க."

சிரித்த அத்தனை பேரும் தூக்கினார்கள். ஜூலை தவறாமல் சுதந்திர தினத்தன்று 'எல்லோரும் சமம்' என்று பீரங்கி வெடிக்கும் அதே கைகள். ஓபெட்டின் கையும் உயர்ந்தது.

ஜாபெஸுக்கு மூச்சு வந்தது. கடைசி பெஞ்சுக்கே வந்து குனிந்தார்.

"மனசுல வெச்சுக்காதே டார்கஸ், அரசியல்னா அப்படித்தான். அந்தக் கவுனை மட்டும் தைச்சுக் குடுத்துடு."

"எதுக்குய்யா?" அவள் கிழிந்த கவுனை அவர் தோளிலேயே போட்டாள். "இனிமே உங்களுக்கும் ஒரு ஓட்டுதானே!"