ஒயின் தெரிந்த மனுஷன்

ஒயினைப் பற்றி இரண்டு புத்தகம் படித்த நாளிலிருந்து, தன் நாக்கை யாராலும் ஏமாற்ற முடியாது என்று நம்பிக்கொண்டிருந்தார் அர்மோன். ஜூரா மலையோரக் கிராமங்களில் சீஸும் ஒயினும் ருசி பார்க்க, மனைவி ஒடிலை அழைத்துக்கொண்டு காரில் கிளம்பியதும் அந்தத் தைரியத்தில்தான்.

ஒரு பண்ணை வீட்டின் வாசற்கதவு விரியத் திறந்திருந்தது. முற்றத்தில் நீள மேஜை நிறையச் சீஸ் துண்டுகள், ஒயின் புட்டிகள். சுற்றி நின்றவர்கள் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"பாத்தியா, ருசி தெரிஞ்ச கூட்டம். கூச்சலே இல்ல," என்றார் அர்மோன்.

"போர்டு எதுவும் காணோமேங்க," என்றாள் ஒடில்.

"நல்ல சரக்குக்கு எதுக்குடி போர்டு?"

வீட்டுக்கார அம்மாள் ஒரு தட்டையும் கோப்பையையும் நீட்டினாள். அர்மோன் சீஸை மென்றார். ஒயினைச் சுழற்றி, முகர்ந்து, ஒரு மடக்கு குடித்தார்.

"சீஸ் பிரமாதம்மா. ஆனா ஒயின் வெறும் புளிப்பு. பண்ணினவருக்குப் பொறுமையே கிடையாது. அவரை வரச் சொல்லுங்க, நான் சொல்லிக் குடுக்கறேன்."

சுற்றி நின்றவர்கள் திரும்பி அவரைப் பார்த்தார்கள். ஒடில் அவர் கையைப் பிடித்து இழுத்தாள்.

"என் வீட்டுக்காரரால வர முடியாதுங்க," என்றாள் அந்த அம்மாள். "இப்பதான் அடக்கம் பண்ணிட்டு வந்தோம்."

அர்மோன் கோப்பையை மேஜைமேல் வைத்தார். "மன்னிச்சிருங்கம்மா, நான் ஒரு முட்டாள்..."

"உக்காருங்க." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "காலையிலேர்ந்து எல்லாரும் அவர் ஒயினைப் புகழ்ந்து பொய் சொல்றாங்க. நாப்பது வருஷமா நான் சொன்னதை நீங்க ஒருத்தர்தான் சொல்லியிருக்கீங்க!"